ஆலமரத்தடியில் கேட்டுவிட்டு வரச் சொல்

அல்சூர், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தேன்மொழி,

உன் கடிதமும் உன் மாணவியின் வினாத்தாளும் வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. முழங்கால் வலி குறைந்து மாடி வகுப்புகளுக்கு மறுபடியும் ஏறிப் போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். பேரன் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டதால் காலையில் மூன்று மணி நேரம் எனக்குத் தடையில்லாமல் கிடைக்கிறது. அது பெரும்பாலும் தமிழ் விக்கிப்பீடியாவுக்கே போய்விடுகிறது.

ஆய்வுகள் முறையாக நடக்கின்றனவா என்று பார்க்கும் கல்லூரி நெறிக்குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது, இனி நான் விக்கிப்பீடியாப் பங்களிப்பாளர்களுக்கு அனுப்பிவைத்தால் போதும் என்று எழுதியிருந்தாய். அப்படியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சம்பளமில்லாமல் இத்தனை ஆண்டுகள் எழுதுகிறவர்கள் ஏன் எழுதுகிறார்கள், ஏன் ஒரு நாள் நிறுத்திவிடுகிறார்கள் என்று அந்தப் பெண் கேட்பது நல்ல கேள்வி. அதற்குப் பதில் கிடைக்க வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். ஆனால் ஆய்வு செய்யலாம் என்று உங்களுக்குச் சொன்னது உங்கள் கல்லூரி. எங்களிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் விவகாரம் உனக்கு நினைவிருக்கும். பலர் சேர்ந்து எழுதும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கருனிலுக்குள் பிழையுள்ள மாற்றங்களை நல்ல மாற்றங்கள்போல அனுப்பி, அவை பரிசோதனையைத் தாண்டுகின்றனவா என்று அங்குள்ள ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அது மனிதர்கள் மீதான ஆய்வு அன்று என்று கருதி அவர்களுடைய நெறிக்குழு விலக்களித்திருந்தது. அனுப்பிய மாற்றங்களை உட்கார்ந்து படித்தவர்கள் மனிதர்கள் என்பது அந்த முடிவில் கணக்கில் வரவில்லை. 2021 ஏப்ரலில், கருனிலைப் பராமரிப்பவர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பங்களிப்புகளை ஏற்கப்போவதில்லை என்று அறிவித்தார். ஆய்வுக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகு, அங்கிருந்து முன்பு வந்த 435 மாற்றங்களை மறுபடியும் சரிபார்க்க வேண்டியதாயிற்று. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன என்பது ஆறுதல்தான். ஆனால் அந்த உழைப்பை யார் திருப்பிக் கொடுப்பது?

உன் மாணவி அப்படி ஏமாற்றுகிறவள் அல்லள், அது எனக்குத் தெரியும். அவள் வெறும் கேள்விதானே கேட்கிறாள் என்று நீ சொல்வாய். வெறும் கேள்வி எனக்கு என்ன செய்தது என்பதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இதேபோன்ற ஒரு வினாத்தாள் வந்தது. பெயர் வெளியாகாது என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பி, ஒரு மதியம் முழுவதும் உட்கார்ந்து பதில் எழுதினேன். விக்கிப்பீடியாவில் கட்டுரைகளை நீக்கும் அதிகாரமுள்ள பங்களிப்பாளரான ஒரு நிருவாகி என் கட்டுரைகளைக் கேட்காமல் நீக்கியதையும், அதனால் இரண்டு மாதம் எழுதாமலே இருந்ததையும் மனம் திறந்து சொல்லியிருந்தேன். ஆய்வேடு வெளிவந்தபோது அதில் என் பெயர் இல்லை என்பது உண்மை. 'பெங்களூரில் வசிக்கும், அறுபது வயதைத் தாண்டிய, தாவரங்களைப் பற்றி எழுதும் பெண் பங்களிப்பாளர்' என்று மட்டும் இருந்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன, ஆனால் நாள்தோறும் எழுதுகிறவர்கள் ஒரே கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிடுவார்கள். அந்தப் பந்தியில் அப்படிப்பட்டவள் நான் ஒருத்திதான். ஆய்வேட்டைப் படித்த அன்று இரவு ஒன்பது மணிக்கு அந்த நிருவாகி தொலைபேசியில் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. "அக்கா, என்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. இன்றும் அவர் பயனர் பெயரை விக்கிப்பீடியாவின் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தில் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குரல் காதில் விழுகிறது.

அந்த ஆய்வுக்கும் முறைப்படி ஒப்புதல் இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் உள்ள இடத்தில் பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துபோகலாம். எங்களைப் போன்ற சிறிய கூட்டத்தில் வயது, ஊர், எழுதும் துறை ஆகிய மூன்றும் சேர்ந்தாலே அது பெயர்தான். விக்கிப்பீடியாவில் நாங்கள் கருத்துப் பரிமாறும் பேச்சுப் பக்கத்திலிருந்து ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போடுவதும் இதில்தான் சேரும், ஏனென்றால் அந்த வாக்கியத்தைக் கூகுளில் தேடினால் எழுதியவரின் பயனர் பெயர் வந்து நிற்கும். வெளியில் இருந்து பார்க்கிற ஒரு குழுவுக்கு இது எப்படித் தெரியும்? உள்ளே இருக்கிறவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

சட்டத்தையும் பார்த்தேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கும் புள்ளியியலுக்கும் சில நிபந்தனைகளோடு விலக்கு தருகிறது. ஒருவர் தானே பொதுவில் வைத்த தகவல்களுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. ஆகவே உங்கள் மீது சட்டப்படி குறை சொல்ல இடமிருக்காது. ஆனால் அதே சட்டம், இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ, படிப்பவர் விரும்பியபடி படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. தமிழில் எழுதுகிறவர்களைப் பற்றிய ஆய்வுக்கு உன் மாணவியின் இசைவுப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. எங்களிடையே பள்ளி மாணவர்களும் எழுதுகிறார்கள். பயனர் பெயரை வைத்து வயதைச் சொல்ல முடியாது என்பதையும் அவள் யோசித்திருப்பதாகத் தெரியவில்லை.

கேட்டு அனுமதி வாங்குவது ஆய்வுக்கும் நல்லது. 2008இல் நடந்த உலகளாவிய விக்கிப்பீடியா கணக்கெடுப்பில் பங்களிப்பாளர்களில் பெண்கள் சுமார் 13 விழுக்காடு என்று வந்தது. வினாத்தாளை நிரப்ப முன்வந்தவர்கள் யார், வராதவர்கள் யார் என்பதைக் கணக்கில் எடுத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு அதை ஏறக்குறைய 16 என்று திருத்தியது. நம்பிக்கை இல்லாதவர்கள் வினாத்தாளைத் திறப்பதே இல்லை. அப்படித் திறக்காதவர்களைப் பற்றித்தானே உன் மாணவி தெரிந்துகொள்ள விரும்புகிறாள்?

எனவே அவளை முதலில் ஆலமரத்தடிக்கு வரச் சொல். எங்கள் பொது உரையாடல் பக்கத்துக்கு அந்தப் பெயர் வைத்தவர் யாரோ, அவருக்குப் புண்ணியம். தான் யார், என்ன கேட்கப் போகிறாள், எவ்வளவு நேரம் ஆகும், பதில்களை யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பாள் என்று தமிழில் எழுதி, வினாத்தாளையும் அங்கேயே வைக்கட்டும். இரண்டு வாரம் பொறுத்திருக்கட்டும். சிலர் கடுமையாகவும் பேசுவார்கள், அதற்கு அவள் அஞ்ச வேண்டாம். கேள்விகளைத் திருத்திக் கொடுக்கிறவர்களும் அவர்களாகவே இருப்பார்கள். ஒவ்வொருவரின் பேச்சுப் பக்கத்திலும் போய்ச் செய்தி ஒட்ட வேண்டாம். பரிசுக் கூப்பன் கொடுப்பதாக இருந்தால் மின்னஞ்சல் முகவரியை வேறொரு படிவத்தில் வாங்கட்டும், பதில்களோடு அது சேரக்கூடாது. முடிவுகளை அச்சுக்குக் கொடுக்கும் முன் எங்களிடம் தமிழில் கொண்டுவந்து காட்டட்டும். என்னிடம் பதில் வாங்கிப்போனவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை. ஆய்வேடு வந்ததே எனக்கு மற்றவர் சொல்லித்தான் தெரிந்தது.

வினாத்தாளில் பென்சிலால் குறித்து இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒன்பதாவது கேள்வியில் ஊரும் துறையும் சேர்ந்து வருகின்றன, அவற்றைப் பிரிக்க வேண்டும். 'எந்த நிருவாகியுடன் கருத்து வேறுபாடு ஏற்பட்டது' என்ற பதினான்காவது கேள்வியை அடித்திருக்கிறேன். ஏன் என்று அவள் கேட்டால் மேலே எழுதியதை அவளுக்கும் படித்துக் காட்டலாம், எனக்குத் தடையில்லை. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மேல் ஓய்வாக இருப்பேன், என்னைக் கூப்பிடச் சொல். ஆலமரத்தடியில் போட வேண்டிய அறிவிப்பை இருவரும் சேர்ந்தே எழுதிவிடலாம்.

அன்புடன்,
சகுந்தலா