காபி கழுவிய நீர் எங்கே போகிறது?
காபி விலையேற்றத்தால் குடகு விவசாயிகள் மகிழ்ச்சி என்ற செய்தியைப் படித்தேன். மகிழ்ச்சிதான், ஆனால் கழிவுநீர் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அராபிகா வகைக் காபிப் பழத்தின் தோலை உரித்து, கொட்டையில் ஒட்டிய வழுவழுப்பைக் கழுவ ஏராளமான தண்ணீர் வேண்டும். சர்க்கரையும் பெக்டின் என்ற பழப்பசையும் கலந்த அந்த நீர் ஓடையில் சேர்ந்தால் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாகும். அறுவடையோ மழை ஓய்ந்து ஓடைகள் மெலியும் காலத்தில்தான் வருகிறது. மடிக்கேரி அருகே ஒரு தோட்டத்தின் கீழே ஜனவரியில் ஓடை பழுப்பேறிப் புளித்த மாவாக நாறியதை நேரில் கண்டிருக்கிறேன்.

பெரிய தோட்டங்கள் சுத்திகரிப்புக் குட்டை வெட்டிக்கொள்ளும், சரி. இரண்டு ஏக்கர்க்காரர் என்ன செய்வார்? காபி வாரியம் சிறு விவசாயிகளுக்காக, குறைந்த நீரில் இயங்கும் இயந்திரங்களுடன் பொதுப் பதப்படுத்தும் நிலையங்களை அமைத்துத் தரலாம்.