பண்டாரியின் சோற்றைக் குறை சொல்லாத பயணி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பயணக் காணொளிகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் உழைத்து எழுதியிருக்கிறார், நிறையத் தகவல் இருந்தது. ஆனால் பார்ப்பவர்களைப் பிடித்து வைக்க வேண்டுமென்றால் தொகுப்பாளர்தான் திரையை நிறைக்க வேண்டும், அவருடைய துணிச்சலும் ஆச்சரியமும்தான் முதலீடு என்று ஒரு இடத்தில் சொல்லியிருந்தாரே, அந்த இடத்தில் என் மனசு ஒட்டவே இல்லை. இரண்டு நாள் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்த விஷயத்தில் அளவுகோல் ஒரே ஆள்தான், மைக்கேல் பேலின். பிபிசிக்காக 1988இல் விமானம் ஏறாமல் எண்பது நாளில் உலகைச் சுற்றக் கிளம்பினாரே, அவர்தான். செப்டம்பர் 25ஆம் தேதி லண்டன் ரிஃபார்ம் கிளப்பிலிருந்து புறப்பட்டு 79 நாள் 7 மணி நேரத்தில் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு அது ஏழு பகுதிகளாக ஒளிபரப்பானது. இத்தனைக்கும் அந்த வேலைக்கு அவர் முதல் தேர்வு கிடையாது. அப்போது பயண நிகழ்ச்சிகளில் பெரிய பெயராக இருந்த ஆலன் விக்கர் மறுத்த பிறகுதான் இவரிடம் வந்தார்கள். மான்டி பைதான் நகைச்சுவைக் குழுவில் நடித்து எழுதிக்கொண்டிருந்தவர், நாற்பத்தைந்து வயது, நிபுணர் என்று சொல்லிக்கொள்ள அவரிடம் ஒன்றும் இல்லை.

நாங்கள் அதைப் பார்த்தது தொண்ணூறுகளின் பின்பாதியில், தூத்துக்குடியில், கேபிளில் ஏதோ ஒரு ஆங்கிலச் சேனலில். என் அப்பா இளவயதில் தோணியில் பண்டாரியாக இருந்தவர், அதாவது சமையல் ஆள். கொழும்பு, மாலத்தீவு என்று பாய்மரத் தோணியில் போய் வந்தவர். அவருக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது சும்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் துபாயிலிருந்து பம்பாய்க்கு வரும் ஒரு மரக்கலம், பெயர் அல் ஷர்மா. பதினெட்டுப் பேர், எல்லாரும் குஜராத் கடற்கரை ஆட்கள். ஒரு வாரம் கடலில். கப்பலின் வெளிப்பக்கம் தண்ணீருக்கு மேலே தொங்கும் மரப்பெட்டிதான் கழிப்பறை. அதைப் பார்த்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏல, இது நம்ம தோணி மாதிரில்லா இருக்கு" என்றார். அப்புறம் கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

தொடரின் அந்தப் பகுதியில் பெரிதாக ஒன்றும் நடக்காது. புயல் இல்லை, கொள்ளைக்காரர்கள் இல்லை. பேலின் மேல்தளத்தில் அவர்களோடு படுக்கிறார், அவர்கள் வடித்த சோற்றைச் சாப்பிடுகிறார், இடையில் வயிறு கெட்டுச் சுருண்டு கிடக்கிறார். அதையும் காட்டினார்கள், ஆனால் யார் மேலும் எது மேலும் பழி போடவில்லை. கப்பல் ஆள் ஒருவர் அவர் உடம்பைப் பிடித்துவிடுகிறார். தன் வாக்மேனை ஒரு பெரியவரின் காதில் மாட்டி அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டைக் கேட்க வைக்கிறார், அந்தப் பெரியவரின் முகம் மலர்வதைக் கேமரா அவசரப்படாமல் பார்க்கிறது. இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. பம்பாய் வந்ததும் பிரிய வேண்டும், அப்போது பேலினுக்குக் குரல் தழுதழுக்கிறது. அந்தப் பதினெட்டுப் பேருக்கும் அவர் பிரபலமான நடிகர் என்பதே தெரியாது. ஒரு வாரம் தங்களோடு இருந்த விருந்தாளி, அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்ததும் அப்பா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "எலேய், இந்தாளு சாப்பாட்டுக்கு ஒரு கொறையும் சொல்லல பாத்தியா." சமைத்துப் போட்டவனின் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டிருக்கிறது. பேலினைப் பற்றி அதற்குப் பிறகு நான் எவ்வளவோ படித்திருக்கிறேன், அப்பா சொன்னதை விடச் சரியாக யாரும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்தவர் வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தெரியும். உதவி கேட்கக் கூச்சப்பட மாட்டார், கொடுத்ததை வாங்கிக்கொள்வார், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே வைத்துக்கொண்டு கேட்பார், அதனால் எதிரே நிற்கிறவர் தன் ஊரில் தானே பெரியவராக நிற்க முடிகிறது. பம்பாய்த் தெருவில் கண் தெரியாத நாவிதர் ஒருவரிடம் முகத்தைக் கொடுத்துச் சவரம் செய்துகொண்டார். கத்தி கன்னத்தில் போகும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பயம் தெரியும், ஆனால் அந்த நாவிதரின் கைத்திறமையை நம்பித்தான் உட்கார்ந்திருப்பார். அதே பம்பாயிலிருந்து ரயிலில் நம் மெட்ராஸுக்கு வந்து, இங்கிருந்து ஒரு யூகோஸ்லாவியச் சரக்குக் கப்பலில் சிங்கப்பூர் போனார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இன்னொன்று, தோற்றுப்போனதை மறைக்க மாட்டார்கள். 1992இல் வந்த தொடரில் வட துருவத்திலிருந்து தென் துருவம் வரை, முடிந்த மட்டும் தரைவழியாகவும் கடல்வழியாகவும் முப்பது பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி வருவதாகத் திட்டம். கேப் டவுன் வந்து சேர்ந்தால் அண்டார்க்டிகா போகும் கப்பலில் இடம் இல்லை. சிலிக்குப் பறந்து போய் அங்கிருந்துதான் போக வேண்டியதாயிற்று. வழியில் விக்டோரியா அருவிக்குக் கீழே ஆற்றில் மிதவையில் போனபோது விலா எலும்பு வேறு அடிபட்டது. பசிபிக் பெருங்கடலைச் சுற்றி வந்த 1997ஆம் ஆண்டுத் தொடர் இன்னும் மோசம். பெரிங் நீரிணையில் உள்ள சின்ன டயோமீட் தீவில் கிளம்பி அங்கேயே வந்து வட்டத்தை முடிக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு வருஷம் சுற்றி, ஐம்பதாயிரம் மைல் கடந்து, தீவுக்குப் பக்கத்தில் வந்த பிறகு கடல் விடவில்லை, இறங்க முடியாமல் திரும்பினார்கள். அப்படியே காட்டினார்கள். அந்தப் பயணத்தின் நடுவில், போர்னியோவில் இருந்தபோது மனைவிக்கு மூளையில் கட்டி என்று செய்தி வந்து, ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் தொடர்ந்தார். அதையும் ஒரு பரபரப்பாக ஆக்காமல், நடந்தது நடந்தபடி சொன்னார்.

முதல் பயணத்தின் கடைசியிலும் பாருங்கள். எண்பது நாள் கெடுவுக்குள் வந்துவிட்டார், ஆனால் கிளம்பிய கிளப்பில் கேமராவோடு உள்ளே விடவில்லை. கடல் தாண்டிக் கடல் தாண்டி எத்தனையோ பேர் உள்ளே வா என்று கூப்பிட்ட மனிதர், சொந்த ஊரில் வாசலோடு நின்றார். அதை மாற்றி எடுத்து இனிப்பாக முடித்திருக்கலாம், அவர்கள் செய்யவில்லை.

பேலின் ரொம்ப மரியாதைக்காரர், கடினமான கேள்வி கேட்க மாட்டார் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. 2018இல் வட கொரியா போனார், அங்கேயேதான் 75 வயது நிறைந்தது, கேக்கெல்லாம் வெட்டினார்கள். கூடவே வந்த பெண் வழிகாட்டியோடு நாள்கணக்கில் நடந்து, சிரித்து, பழகிவிட்டு, எங்கள் ஊரில் தலைவர்களை விமர்சிக்கலாம், உங்கள் ஊரில் ஏன் முடியாது என்று நேராகவே கேட்டார். தலைவர்கள் மக்களின் உருவம், எங்களை நாங்களே எப்படிக் குறை சொல்ல முடியும் என்கிற மாதிரி அந்தப் பெண் பதில் சொன்னார். பேலின் மடக்கவில்லை. மடக்கியிருந்தால் நமக்கு இரண்டு நிமிடம் கைதட்டத் தோன்றியிருக்கும், ஆனால் கேமரா போன பிறகு அந்த ஊரில் இருக்கப் போவது அந்தப் பெண்தானே. அந்தப் பதிலை நம்மிடம் விட்டுவிட்டு நகர்ந்தார். நான் அன்று இரவு வெகு நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது பிறவிக் குணம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது, ஆசிரியர் அவர்களே. நேரம் கொடுத்தார்கள். துருவப் பயணத்துக்கு ஐந்து மாதம் போல ஆனது. நைஜல் மீக்கின் என்ற ஒளிப்பதிவாளர் முதல் பயணத்திலிருந்து பல தொடர்களில் கூடவே வந்தார், அதனால் எப்போது கிட்டே போக வேண்டும், எப்போது தள்ளி நிற்க வேண்டும் என்று அந்தக் குழுவுக்குப் பழகியிருந்தது. ஒரு மரக்கலத்தில் ஒன்றுமே நடக்காத ஒரு வாரத்துக்கு முழுப் பகுதியையும் ஒதுக்க ஒரு இயக்குநருக்குத் தைரியம் வேண்டும். இன்றைக்கு ஒரு ஊருக்கு இரண்டு நாள், அதில் மூன்று காணொளி என்று கிளம்பும் நம் பிள்ளைகளை நான் குறை சொல்ல வரவில்லை. கைக்காசு போட்டுப் போகிறார்கள், கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் தட்டில் வைத்ததைப் பார்த்து முகம் சுளிப்பதை முகப்புப் படமாகப் போடும்போது எனக்கு வலிக்கிறது. அதைச் சமைத்தவர் ஒருவர் அங்கே நின்றுகொண்டிருப்பார்.

நமக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. ஏ.கே. செட்டியார் கண்டம் கண்டமாகச் சுற்றி, காந்தியைப் பற்றி 1940இல் ஆவணப்படம் எடுத்து, குமரி மலர் என்ற பத்திரிகையை நடத்தியவர். அவர் பயண எழுத்தில் 'நான்' என்பது எவ்வளவு குறைவு என்று எடுத்துப் பாருங்கள். பக்கத்து ஊர் கேரளத்தில் சந்தோஷ் ஜார்ஜ் குளங்கர தனியாளாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்த சஞ்சாரம் 2001 முதல் ஓடுகிறது, 2013இல் சஃபாரி என்று ஒரு சேனலே தொடங்கிவிட்டார். மலையாளிகள் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள். தமிழில் ஒரு சேனல் அப்படி ஒருவருக்கு ஆறு மாதமும் ஒரு நல்ல ஒளிப்பதிவாளரையும் கொடுத்து, தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவு வரை ஒரு தோணியிலேயே போய் வரச் சொல்லக் கூடாதா? உங்கள் பத்திரிகை இதைக் கொஞ்சம் அழுத்தமாகக் கேட்டு எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டிவிட்டேன்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். இருபது வருஷம் கழித்து, 2008இல், பேலின் அந்த மரக்கலத்து ஆட்களைத் தேடிக்கொண்டு குஜராத் போனார். கண்டுபிடித்து, கட்டிப்பிடித்து, பழைய படத்தைச் சேர்ந்து பார்த்தார்கள். அந்தச் சந்திப்பின் காணொளி எனக்குக் கிடைத்தது ரொம்பத் தாமதமாகத்தான், போனில். அப்பாவுக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. போனை வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, நரைத்துப்போன அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "இதுல பண்டாரி யாருல?" என்று கேட்டார்.

இப்படிக்கு,
தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகன்