குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. சில மாதங்களில் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, சேரக் காத்திருந்த நேரம், கூடிப் பேசிய நேரத்தைவிட அதிகம். நீர்த்தொட்டிகள் சுத்தம் செய்யப்பட்டன. படிக்கட்டு விளக்குகள் மாற்றப்பட்டன. சிறுவர்களுக்கான விளையாட்டுப் போட்டி நடைபெற்றது.

இவ்வாண்டின் பெரும்பணி, வீடுகளில் முன்பே பொருத்தியிருந்த திருட்டு அலாரத்தோடு புகை உணரிகளை இணைத்ததாகும். கூரையில் தனியாக ஓர் உணரி இருக்கும்போது இணைப்பு எதற்கு என்று பொதுக்குழுவிலேயே கேட்கப்பட்டது. தனி உணரியின் ஒலி அந்த வீட்டுக்குள் இருப்பவருக்குத்தான் பயன்படும்; வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வெளியே போயிருக்கும்போது அது எவ்வளவு நேரம் ஒலித்தும் பயனில்லை. அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலோடு இணைத்துவிட்டால் வெளிச்சைரன் ஒலிக்கும், உரிமையாளரின் கைபேசிக்குச் செய்தி செல்லும், மின்சாரம் நின்றாலும் பேனலின் மாற்று பேட்டரி அதனைத் தாங்கும்.

இரவில் வீட்டில் நடமாடுவதற்காகத் திருட்டு அலாரத்தை அணைத்துவிட்டால் புகை உணரியும் செயலற்றுப் போகும் என்ற அச்சம் பலரிடம் இருந்தது. அப்படி ஆகாது. புகை உணரிகள் 24 மணி நேரமும் விழித்திருக்கும் தனி சோனில், அதாவது பேனலின் தனிப் பிரிவில், இணைக்கப்படுகின்றன. கதவு, சன்னல், நடமாட்ட சென்சார்களை நிறுத்தும் குறியீடு அந்த சோனைத் தொடாது. இரண்டு அபாயங்களுக்கும் ஒரே ஒலி போதாதா என்ற கேள்விக்கு நான் இணங்கவே இல்லை. திருடன் வந்தான் என்றால் உள்ளே தாழிட்டுக்கொள்ள வேண்டும். தீ என்றால் வெளியே ஓட வேண்டும். தூக்கத்தில் எழுபவர் இதில் எது என்று ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. எனவே தீக்கு அரை நொடி வீதம் மூன்று ஒலிகளும் பிறகு ஒன்றரை நொடி இடைவெளியும் மாறி மாறி வரும். திருட்டுக்கு இடைவிடாத ஒலி. இரண்டும் ஒரே நேரத்தில் நேர்ந்தால் தீயின் ஒலிக்கே முன்னுரிமை.

பேனலை மட்டுமே நம்பும், சொந்த ஒலியில்லாத உணரிகள் மலிவு என்று சிலர் வற்புறுத்தினர். பேனலோ அதன் ஒயரோ பழுதானால் அத்தகைய வீட்டில் எந்த எச்சரிக்கையும் எழாது என்பதால், சொந்த ஒலியும் சொந்த பேட்டரியும் உள்ளவற்றையே தேர்ந்தெடுத்தோம். கனன்று புகையும் தீயை விரைவில் உணரும் ஒளிவகை உணரிகள் படுக்கையறைகளிலும் நடைகளிலும் வைக்கப்பட்டன. சமையலறையில் ஆவிக்கும் தாளிப்புப் புகைக்கும் ஒலிக்காதபடி 57 டிகிரி செல்சியஸில் இயங்கும் வெப்ப உணரி போதும் என்று முடிவு செய்தோம். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வீட்டில் உணரியின் மீது நெகிழிப்பை கட்டப்பட்டிருந்தது. தூசு படியாமல் இருக்கவாம்!

சோதனை நாள் பற்றி வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். உணரியின் பொத்தானை அழுத்தினால் மின்சுற்றும் ஒலியும் சரிபார்க்கப்படுமே தவிர, புகை உள்ளே நுழைகிறதா என்பது தெரியாது. அதற்குச் சோதனைப் புகையைத் தெளித்துப் பார்க்க வேண்டும், அதற்கு யாரேனும் கதவைத் திறக்க வேண்டும். முன்னறிவிப்புக் கொடுத்தும், நினைவூட்டியும், கணிசமான வீடுகள் பூட்டியே கிடந்தன. அன்று வராதவர்களில் சிலர், பக்கத்து வீட்டுச் சைரன் தூக்கத்தைக் கெடுத்தது என்று பின்னர் எழுத்துமூலம் புகார் அளிக்க மட்டும் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். இணைப்பு வேண்டும் என்று கைதூக்கியவர்கள் பங்குத்தொகையைச் செலுத்துவதிலும் அதே விரைவைக் காட்டியிருந்தால் பொருத்துநருக்குத் தவணை சொல்லும் நிலை சங்கத்துக்கு வந்திராது.

கணக்கைப் பொறுத்தவரை, வரவு செலவுக்கு ஏறத்தாழ ஈடாக உள்ளது. சந்தா நிலுவையையும் வரவாகக் கொண்டால் உபரி என்றே சொல்லலாம். விவரங்களைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

ஒத்துழைத்த தலைவருக்கும், செயற்குழுவினருக்கும், காவலாளிகளுக்கும், கதவைத் திறந்த உறுப்பினர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் எஞ்சிய வீடுகளை இணைப்பதோடு, உணரிகளின் உற்பத்தித் தேதியைப் பதிவேட்டில் குறிக்கவும் வேண்டும்; பத்தாண்டு கடந்த உணரி ஒலித்தாலும் அதை மாற்றியாக வேண்டும். என் பதவிக்காலம் இத்துடன் நிறைவடைகிறது. பொறுப்பேற்க முன்வருபவரிடம் பேனல் குறியீடுகளையும் பதிவேட்டையும் இன்றே ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். எவரும் முன்வராவிட்டால் பணியைத் தொடர்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் நிலுவை தீராமல் அடுத்த வீட்டில் ஓர் ஒயரைக்கூட இழுக்க இயலாது. இணைப்புக்கான படிவங்கள் பொருளாளரிடம் உள்ளன. ரசீதுப் புத்தகமும் அவரிடமே இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்