நம் சங்கத்தின் ஆண்டறிக்கை: குடும்பச் சுற்றுலாவும் மாதம் நூறு ரூபாயும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் நம் தெரு உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, தண்ணீர் லாரி விஷயங்களையெல்லாம் தலைவர் தன் உரையில் விளக்கமாகச் சொல்லிவிட்டார். பொங்கல் கோலப்போட்டியும் நோட்டுப் புத்தகம் வழங்கியதும் எப்போதும்போல நல்லபடி நடந்தன. அதனால் இந்த வருடம் புதிதாக ஆரம்பித்த குடும்பச் சுற்றுலாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

போன வருடப் பொதுக்குழுவில் பின்வரிசையிலிருந்து ஒரு தங்கை எழுந்து பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். "கல்யாணமாகி இந்தத் தண்டையார்பேட்டைக்கு வந்து பதினாலு வருஷமாச்சு அக்கா. நான் வெளியே போனதுன்னா ஸ்டான்லி ஆஸ்பத்திரியும் எம்.சி. ரோடு துணிக்கடையும்தான்" என்றார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. கடல் நமக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிறது. இருந்தாலும் ஒரு குடும்பம் முழுசாகச் சேர்ந்து ஒரு நாள் வெளியே போய்வருவது நம்மில் பலருக்கு நடக்காத காரியமாகவே இருந்தது. அன்றைக்கே முடிவெடுத்தோம்: குடும்பத்துக்கு மாதம் 100 ரூபாய், முடிந்தவர்கள் கட்டுவது, முடியாதவர்களை ஏன் கட்டவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது. பெயர்ப் பலகையில் பாக்கி எழுதுவதும் கூடாது.

54 குடும்பங்கள் சேர்ந்தன. எல்லா மாதமும் எல்லாராலும் கட்ட முடியவில்லை. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை காசிமேட்டை நம்பியிருக்கும் வீடுகளில் கையில் காசு ஓடாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். வசூல் 51,300 ரூபாய், செலவு 47,850 ரூபாய், கையிருப்பு 3,450 ரூபாய். பில், ரசீதோடு பொருளாளர் தனியாகப் படிப்பார்.

முதலில் கிட்டத்திலேயே ஆரம்பித்தோம். திருவொற்றியூருக்கு மெட்ரோவில் போனோம். விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தது 2021-ல். ஆனாலும் அதில் ஏறாத பிள்ளைகள் நம் தெருவிலேயே எத்தனை பேர் இருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்டையார்பேட்டையில் பூமிக்கு அடியில் ஏறுகிறோம். கொஞ்ச நேரத்தில் ரயில் வெளிச்சத்துக்கு வந்து வீட்டு மாடிகளுக்கு மேலே ஓடுகிறது. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தியதில் ஜன்னல் முழுக்கப் புகை பிடித்ததுபோல ஆகிவிட்டது. தேரடியில் இறங்கி வடிவுடையம்மனைத் தரிசித்தோம். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த மகிழ மரத்தின் கதையை நம் ஆயா ஒருவர் பிரகாரத்தில் உட்கார்ந்து சொன்னார். சத்தியத்தை மீறியதால் சுந்தரருக்குக் கண் போன இடம் வந்ததும் ஒரு சின்னப் பையன் தன் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதே கோயிலில் இருக்கும் சிவன், ஆதிபுரீஸ்வரரைக் கவசம் இல்லாமல் பார்க்க முடிவது கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள்தான். அப்போது கூட்டம் நெரியும் என்பதால் குழந்தைகளோடு போகிறவர்கள் சாதாரண நாளில் போவதே நல்லது. அப்புறம் கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதிக்குப் போய், கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அங்கெல்லாம் கரையில் பாறை கொட்டியிருக்கிறார்கள், குளிக்கிற இடம் இல்லை. கடலைப் பார்த்துவிட்டு வரலாம், இறங்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லித்தான் கூட்டிப்போனோம்.

இரண்டாவது பயணத்தில் தவறு என்னுடையது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையில் ஏற்பாடு செய்துவிட்டேன். பள்ளிக்கூடம் லீவு, எல்லாருக்கும் வசதி என்று நினைத்தேனே தவிர, வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை என்பதைப் பார்க்கவில்லை. பூட்டிய கேட்டின் முன்னால் நின்ற பிள்ளைகளின் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். 1851-ல் தொடங்கிய இடம். திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, கடலுக்குப் போகிற அப்பாக்களைப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் நிற்கவே இல்லை. செப்புத் திருமேனிகள் கூடத்தில் இருக்கும் நடராஜர் நம் பக்கத்துத் திருவாலங்காட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் பெரியவர்கள் அங்கேயே கைகூப்பி நின்றுவிட்டார்கள். சாதாரணப் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் கிடையாது. அதனால் நம் போக்குவரத்துச் செலவு ஆண்களின் டிக்கெட் மட்டும்தான். திரும்பும்போது பீச் ஸ்டேஷன் பக்கம் இறங்கி, ஆளுக்கொரு தட்டு அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் நம் வடசென்னைக்குக் கொடுத்த சாப்பாடு அது; அதைச் சாப்பிடாமல் வீடு திரும்பினால் அந்த நாள் முடிந்ததாக எனக்குத் தோன்றுவதில்லை.

மார்கழியில் பழவேற்காடு போனோம். இந்த வருடத்தில் எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது இதுதான். நம் ஸ்டேஷனிலிருந்து கும்மிடிப்பூண்டி லைனில் பொன்னேரி வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ். ரயில் டிக்கெட் ஒரு டீயின் விலை அளவுதான். எண்ணூர் தாண்டிக் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ரயில் ஏறும்போது இரண்டு பக்கமும் தண்ணீர். தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படிந்த கழிமுகம் அது. அப்போது அங்கே வலை போட முடியாமல் நின்ற உறவினர்களைப் பற்றி பெட்டியில் பேச்சு வந்தது. பொன்னேரி வரும்வரை அந்தப் பேச்சு நிற்கவில்லை.

சில்காவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பூநாரைகள் கரையோரத்தில் வந்து நிற்கும் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. வெகு தூரத்தில், தண்ணீருக்கு மேலே ஒரு வெளிர் ரோஸ் கோடுபோலத் தெரிந்தன. நம் உறுப்பினர் ஒருவரின் மகன் கொண்டுவந்த பைனாகுலரை வரிசையில் நின்று கைமாற்றிப் பார்த்தோம். காசிமேட்டில் நாற்பது வருடம் கூடை தூக்கிய நம் ஆயா புடவையைச் சொருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் இறங்கி, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "கடலும் இல்ல, ஆறும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல இருக்கு" என்றார். பிறகு கரையில் இருந்த பெண்களிடம் இறால் விலையும் நண்டு விலையும் விசாரிக்க ஆரம்பித்தவரைக் கிளப்புவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்ட வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. சின்னப் பிள்ளைகள் பயந்தார்கள், பெரிய பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். 1600-களில் இங்கே துணி வியாபாரத்துக்கு வந்து, ஊர் திரும்பாமல் இறந்தவர்கள் உள்ளே இருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கப்பல் படத்தையும் எழுத்தையும் கல்லில் அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். பெண்கள் பனையோலைக் கூடை வாங்கினார்கள். படகில் யாரையும் ஏற்றவில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று அதே தண்ணீரில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. சிலருக்கு வருத்தம்தான். ஆனாலும் சங்கத்தின் பெயரில் போகும்போது படகு கிடையாது என்ற விதி தொடர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாமல்லபுரத்துக்கு வாடகை பஸ் எடுத்தது நமக்கு நல்லதாக அமையவில்லை. பேசியது ஒரு தொகை. திரும்பும் வழியில் இருட்டின பிறகு பஸ்ஸை ஓரங்கட்டி, டீசலுக்கென்று மேலே கேட்டார்கள். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்ததால் கொடுத்துவிட்டோம். இனி எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், 40 ரூபாய். 15 வயதுக்குக் கீழே இலவசம். அதனால் பிள்ளைகளின் ஆதார் நகலைக் கையோடு வைத்திருந்தது உதவியது. அர்ச்சுனன் தபசுப் பாறைச் சிற்பத்தைத் தெருவில் நின்றே பார்க்கலாம். அதில் தவம் செய்யும் பூனையை முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஒரு ஐஸ் என்று அறிவித்தோம். எட்டுப் பேருக்கு வாங்கித்தர வேண்டியதாயிற்று.

நான்கு பயணத்திலும் நம் பெண்கள் முதலில் கேட்டது ஒன்றுதான்: "அங்க பாத்ரூம் இருக்கா அக்கா?" இதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்தவர்கள் உண்டு. மற்ற எல்லாச் செலவையும் குறைக்க நமக்கு வழி தெரிகிறது, இதற்கு மட்டும் தெரியவில்லை. ஆகவே இனி எந்த இடத்துக்கும் செயற்குழுவில் இருவர் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று தீர்மானித்திருக்கிறோம். நம் பக்கத்துக் கடற்கரையில் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டு மனு கொடுத்தோம். இன்னும் பதில் வரவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம், உடன் வரக்கூடிய பெண்கள் பெயர் கொடுங்கள்.

சாப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. முதல் பயணத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிசாதம் கிளறியது பெண்கள்தான். அவர்களுக்கும் அது லீவு நாளாக இருக்க வேண்டாமா? பழவேற்காடு பயணத்திலிருந்து ஆண்கள் சமைத்தார்கள். உருளைக்கிழங்கு வறுவலில் உப்பு கொஞ்சம் கூடத்தான், ஆனால் மிச்சம் எதுவும் வரவில்லை.

வரும் ஆண்டில் சூலூர்ப்பேட்டைக்குப் போய் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதைப் பார்க்கலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கும் மாடம் 2019-லிருந்து இருக்கிறது. கட்டணம் இல்லை, முன்பதிவு மட்டும் இணையத்தில் செய்ய வேண்டும். பதிவு திறந்ததும் சீக்கிரம் முடிந்துவிடுவதால், பெயரும் அடையாள அட்டை எண்ணும் முன்கூட்டியே நம்மிடம் இருக்க வேண்டும். ஏவும் தேதி தள்ளிப்போகவும் கூடும். அதற்குத் தயாராக இருப்பவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் வாசல் மேஜையில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்