குட்டை வெட்டும் இடம்: ஞாயிறு காலை வேலை

எல்லாருக்கும் வணக்கம். வடக்குப் புஞ்சையில் பண்ணைக்குட்டைக்கு இடம் சுத்தம் செய்யும் வேலை ஞாயிறு காலை 6 மணிக்குத் தொடங்குகிறது. வெயில் ஏறுவதற்குள் பாதியாவது முடிக்க வேண்டும்.

முதல் வேலை சீமைக்கருவேலம். வெட்டிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். போன வருடம் நாம் வெட்டிய அடிக்கட்டைகள் ஒரே மழையில் மறுபடி தளிர்த்து ஆள் உயரத்துக்கு நிற்கின்றன! இந்த முறை ஜேசிபி வைத்துத் தூரோடு தோண்டி எடுக்கிறோம். கரை போடும் மண்ணில் வேர் ஒன்றும் கலக்கக் கூடாது. அது மக்கியதும் அந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் கசியும். கிழக்கு ஓரத்துப் பனைகளைத் தொட வேண்டாம்.

மேல்மண் ஒரு அடியை வழித்துத் தனியாகக் குவிக்கச் சொல்லியிருக்கிறேன். வயலுக்குத்தான் அது. கரை போட, மேல்மண்ணுக்கு அடியில் உள்ள களிமண் போதும்.

அளவு 70 அடிக்கு 70 அடி, ஆழம் 5 அடி. பக்கவாட்டில் ஓர் அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி சரிவு விட்டால் ஏறக்குறைய 5.5 லட்சம் லிட்டர் பிடிக்கும். செங்குத்தாக வெட்டினால் இன்னும் பிடிக்கும்தான், ஆனால் முதல் மழைக்கே சரியும், ஆடு மாடு விழுந்தாலும் ஏற முடியாது.

மண்வெட்டி, அரிவாள் கொண்டு வாருங்கள். செருப்போடு வராதீர்கள், முள் ஏறிவிடும்; ஷூ போட்டு வாருங்கள். அப்புறம், ஐப்பசி மழைக்கு முன் தண்ணீர் வரும் வரத்துவாய்க்காலும், மிகுதி நீர் வெளியேறும் கலிங்கும் முடிய வேண்டும். வர முடியாதவர்கள் இன்றே சொல்லிவிடுங்கள், சாப்பாட்டுக்கு ஆள் கணக்கு வேண்டும்.