பியோங்யாங்கில் நமக்கும் ஒரு தூதரகம் இருக்கிறது

இந்திய வெளியுறவு அமைச்சகத்துக்கு,

வணக்கம்.

வட கொரியாவின் ஏவுகணைகளைப் பற்றித் திருவாரூர் மாவட்டத்துக் கூத்தாநல்லூரிலிருந்து மடல் வருகிறதே, மேட்டூர்த் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்று உங்களில் யாராவது கேட்கலாம். தீரவில்லை. ஆனால் கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று இந்தப் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும், வளைகுடாவில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2022 ஜனவரி 17 அன்று ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் அபுதாபி மீது ஏவினார்கள். முஸஃபாவில் பெட்ரோல் டேங்கர்கள் வெடித்து இந்தியர் இருவரும் பாகிஸ்தானியர் ஒருவரும் இறந்தார்கள். பக்கத்து வீட்டு ராத்தா மகனுக்குப் போன் போட்டபடி, "ரிங் போகுது, எடுக்க மாட்டேங்குறான்" என்று வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார். பையன் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். இறந்தவர்களின் வீடுகளிலிருந்தும் அன்று இப்படித்தான் போன் போயிருக்கும்.

அபுதாபியில் விழுந்தது வட கொரியச் சரக்கு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பணம் கொடுத்தால் ஏவுகணை தருகிறேன் என்று ஏழை நாடுகளுக்குக் கடை விரித்தவர்களில் வட கொரியத் தலைநகர் பியோங்யாங்தான் முதல் வரிசை. எகிப்து கொடுத்த சோவியத் ஸ்கட் ஏவுகணையைப் பிரித்துப் பார்த்து நகலெடுத்தார்கள். ஈராக்கோடு சண்டை நடந்துகொண்டிருந்தபோதே இரானுக்கு விற்றார்கள். அப்புறம் நோடோங் என்ற அவர்களுடைய அடுத்த ஏவுகணை வந்தது. 1998 ஏப்ரலில் பாகிஸ்தான் ஏவிய கௌரியும், அதே ஆண்டு ஜூலையில் இரான் ஏவிய ஷஹாப்-3-ம் அந்த நோடோங்கின் பிள்ளைகள்தான். கௌரி சொந்தத் தயாரிப்பு என்றுதான் பாகிஸ்தான் சொல்லிக்கொண்டது.

உங்களுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. 1999 ஜூன் மாதம், கார்கிலில் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம், சர்க்கரை இறக்க காண்ட்லா துறைமுகத்துக்கு வந்த கூ வோல் சான் என்ற வட கொரியக் கப்பலை நம் சுங்கத்துறையினர் சோதித்தார்கள். தண்ணீர் சுத்திகரிப்புச் சாதனம் என்று காகிதத்தில் எழுதியிருந்த பெட்டிகளைத் திறந்தால் ஏவுகணைப் பாகங்கள், அவற்றைச் செய்வதற்கான இயந்திரங்கள், வரைபடங்கள். தூதர்கள் வருடக்கணக்கில் மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததை, நம் சுங்க அதிகாரிகள் கப்பலுக்குள் இறங்கிக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டார்கள்.

அதைவிட எனக்கு ஆறாத கதை 2002 டிசம்பரில் நடந்தது. வட கொரியாவிலிருந்து வந்த சோ சான் என்ற கப்பலை அரபிக்கடலில் ஸ்பெயின் கடற்படை மறித்தது. சிமெண்ட் மூட்டைகளுக்கு அடியில் 15 ஸ்கட் ஏவுகணைகள். சரக்கு யாருக்கு என்றால் ஏமனுக்கு. ஏமன் அப்போது அமெரிக்காவுக்கு வேண்டிய நாடு, "நாங்கள்தான் காசு கொடுத்து வாங்கினோம்" என்றது. நடுக்கடலில் பறிமுதல் செய்யச் சட்டம் இல்லை என்று அமெரிக்கா கப்பலை விட்டுவிட்டது. ஏவுகணைகள் ஏமன் போய்ச் சேர்ந்தன. 2014இல் ஹூதிகள் சனாவைப் பிடித்தபோது ராணுவக் கிடங்குகளும் அவர்கள் கைக்குப் போயின. 2015 ஜூனில் அங்கிருந்து சவூதி மீது ஸ்கட் பறந்தது. சவூதியில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது பாஸ்போர்ட் கொடுக்கிற உங்களுக்கே தெரியும். இன்று நட்பு நாடு என்று விற்கிற ஏவுகணை, நாளை அந்த அரசு கவிழ்ந்தால் யாருடையது?

சரி, பேசிப் பார்க்கவில்லையா என்றால், பேசினார்கள். கிட்டத்தட்ட முடித்தும்விட்டார்கள். அமெரிக்காவும் வட கொரியாவும் ஏவுகணைக்கென்றே 1996 ஏப்ரலில் பெர்லினில் உட்கார்ந்தன. 1998இல் வட கொரியா வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: அந்நியச் செலாவணிக்காகத்தான் விற்கிறோம், நிறுத்த வேண்டுமானால் நஷ்டஈடு கொடுங்கள். அந்த ஆகஸ்ட் 31 அன்று ஜப்பானுக்கு மேலாக அவர்களுடைய டேபோடோங்-1 ஏவுகணை பறந்தது. 1999 செப்டம்பரில், பேச்சு நடக்கும்வரை நீண்ட தூர ஏவுகணைகளைச் சோதிக்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். 2006 ஜூலை வரை அப்படி எதையும் ஏவவும் இல்லை. 2000 ஜூலையில் கோலாலம்பூரில், ஏற்றுமதியை நிறுத்த ஆண்டுக்கு 100 கோடி டாலர் கேட்டார்கள். அமெரிக்கா மறுத்தது. மறுத்தாலும் பேச்சு அறுந்துவிடவில்லை. அக்டோபரில் வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் பியோங்யாங்குக்கே போனார். ரொக்கம் வேண்டாம், வேறு வகையில் ஈடு செய்யுங்கள் என்ற அளவுக்கு அவர்கள் இறங்கி வந்திருந்தார்கள். யார் வந்து சரிபார்ப்பது, ஏற்கெனவே கையில் இருப்பதை என்ன செய்வது, இந்த இரண்டும்தான் பாக்கி. அதற்குள் அமெரிக்காவில் ஆட்சி மாறியது, கிளிண்டன் பியோங்யாங் போகவில்லை, புஷ் அந்தக் கோப்பைத் தொடரவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் அணுகுண்டு, ஏவுகணை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கப் பார்த்தார்கள். 2019 பிப்ரவரியில் ஹனோயில் டிரம்ப்பும் கிம்மும் பாதியில் எழுந்து போனார்கள். வட கொரியா அணுகுண்டை இனி விடும் என்று நான் நம்பவில்லை, உங்களில் பாதிப் பேரும் நம்ப மாட்டீர்கள். ஆனால் குண்டு அவர்களுக்கு உயிர்க் காப்பு, ஏற்றுமதி வெறும் வியாபாரம். வியாபாரத்தை விலை பேசலாம். ஏற்றுமதியை மட்டும் தனியாகப் பிரித்துப் பேச இந்தியா முன்கை எடுக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

இந்தியா எதற்கு என்பீர்கள். பியோங்யாங்கில் தூதரகம் வைத்திருக்கும் நாடுகள் குறைவு. நம்முடையது கோவிட் காலத்தில் ஆளில்லாமல் கிடந்து இப்போது மறுபடி இயங்குகிறது. 2018 மே மாதம் அப்போதைய வெளியுறவு இணையமைச்சர் வி.கே. சிங் அங்கே போய், நம் அக்கம்பக்கத்துக்கு ஆயுதத் தொழில்நுட்பம் பரவும் கவலையை நேரிலேயே சொன்னார். ஐநா தடைகளின்படி 2017இல் வர்த்தகத்தை நிறுத்தியபோதும் உணவையும் மருந்தையும் விட்டுவைத்தோம். டெல்லி போன் எடுத்தால் வாஷிங்டனும் பேசும், மாஸ்கோவும் பேசும்.

மாஸ்கோ என்றதும் நீங்கள் நெளிவது தெரிகிறது. இன்று வட கொரியாவின் பெரிய வாடிக்கையாளர் அதுதானே. 2024 ஜனவரியில் உக்ரைனின் கார்கிவில் விழுந்தது வட கொரிய ஏவுகணை என்று ஐநா கண்காணிப்பாளர்களே எழுதினார்கள். அதே ஆண்டு மார்ச்சில் தடைகளைக் கண்காணிக்கும் நிபுணர் குழுவை நீட்டிக்க விடாமல் ரஷ்யா வீட்டோ போட்டது, குழு ஏப்ரலோடு மூடப்பட்டது. இதன் பொருளைக் காவிரிக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தீர்ப்பில் 177.25 டிஎம்சி என்று எழுதியிருக்கலாம், காவிரித் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் அளவுகோல் இல்லையென்றால் அது வெறும் காகிதம். வட கொரியத் தடைகளுக்கு இருந்த பிலிகுண்டுலுவைத்தான் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் ரஷ்யா 1995இலிருந்து உறுப்பினர், நாம் 2016இலிருந்து. அங்கே ஒருமனதாகத்தான் எதுவும் நடக்கும், ரஷ்யாவை மீறித் தீர்மானம் வராது. ஆனாலும் எதிரெதிரே உட்கார்ந்து கேட்கலாமே. நண்பன் கேட்டால்தான் உறைக்கும்.

நாமே பிரம்மோஸ் ஏவுகணையை பிலிப்பைன்ஸுக்கு விற்கிறோமே, ஊருக்கு உபதேசமா என்ற கேள்வியும் வரும். நியாயமான கேள்வி. அதற்கு என் பதில், நம் விற்பனை ஒப்பந்தம் ஊரறியப் போட்டது, சிமெண்ட் மூட்டைக்கு அடியில் போனதல்ல. அதே சமயம், யாருக்கு விற்கிறோம், அவர் யாருக்குக் கைமாற்றலாம் என்று நாடாளுமன்றத்தில் விரிவாகச் சொல்லும் பழக்கம் நமக்கும் வேண்டும். கட்டுப்பாடு என்ற பெயரில் அடிபட்டவர்களும் நாம்தான். 1992இல் கிரையோஜெனிக் ராக்கெட் இன்ஜின் விவகாரத்தில் அமெரிக்கா இஸ்ரோ மீதே தடை போட்டது. ராக்கெட்டையும் ஏவுகணையையும் ஒரே தராசில் வைத்தால் எப்படி வலிக்கும் என்று தெரிந்த நாடு போய்ப் பேசினால், பியோங்யாங்கில் காது கொடுத்துக் கேட்க வாய்ப்பு அதிகம்.

பேச வேண்டியதும் மலையளவு இல்லை. புதிய விற்பனை கிடையாது, விற்ற நாடுகளுக்கு உதிரிப் பாகமும் பொறியாளரும் கிடையாது என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பதிலுக்கு ரொக்கம் வேண்டாம். ஐநா பாதுகாப்பு அவையின் ஒப்புதலோடு அரிசி, மருந்து, உரம். அரிசி எங்களிடம் இருக்கிறது, டெல்டா கொள்முதல் நிலையங்களில் மழைக்கு நனைந்து முளைக்கிற நெல்லைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். துறைமுகங்களில் சரக்கைத் திறந்து பார்க்கும் உரிமையைக் கடைசிவரை விட்டுக்கொடுக்காதீர்கள், 2000இல் பேச்சில் பாக்கி நின்றவற்றில் சரிபார்ப்பும் ஒன்று.

இந்த மடலின் நகலை எங்கள் தொகுதி மக்களவை உறுப்பினருக்கும் அனுப்பியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தொடரில் இதைக் கேள்வியாக எழுப்பச் சொல்லியிருக்கிறேன். 'தேசிய பாதுகாப்பு கருதி விவரம் அளிக்க இயலாது' என்ற ஒற்றை வரியில் பதில் எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கூத்தாநல்லூர்க்காரன் ஒருவன்