கைபேசி இல்லாமலும் ஒரு வழி வேண்டும்

பொதுச் சேவைகளையும் பணக் கணக்குகளையும் கைபேசிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்ட நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் கிளை அலுவலகம் ஒன்றில், என் தாயார் என் தாயார்தான் என்பதை ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டார்கள். அவர் நேரில் வந்து நின்றார். அடையாள அட்டை கையில் இருந்தது. கவுன்ட்டருக்கு அந்தப்புறம் அமர்ந்திருந்தவரோ அவரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய ஊழியர். ஆனாலும் பதிவுசெய்த எண்ணுக்கு வரும் ஓடிபியைச் சொன்னால்தான் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகும் என்றார் அந்த ஊழியர், வருத்தத்தோடுதான். அன்றைக்கு அந்தக் குறுஞ்செய்தி வரவில்லை; தாயாரும் வந்த வேலை முடியாமல் திரும்பினார். அந்த ஊழியர்மீது எனக்குப் புகார் ஏதும் இல்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் நீங்கள் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கவுன்ட்டர்கள் குறைந்ததும், தாள் படிவங்கள் மறைந்ததும், எதைக் கேட்டாலும் "செயலியிலேயே செய்துகொள்ளலாமே" என்ற பதில் வருவதும் எப்படி நடந்தன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கைபேசியால் மக்களின் அன்றாட வாழ்க்கை எளிதாகிவிட்டது என்று ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் நீங்கள் எழுதுவதால், அந்த எளிமை ஒரு மூதாட்டியின் கையில் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஓடிபி திரையின் மேல்விளிம்பில் எட்டிப்பார்த்துவிட்டு, அவர் கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் மறைந்துவிடுகிறது. அதைத் தேடிப் படிக்கச் செயலியை விட்டு வெளியே வர வேண்டும். படித்துவிட்டுத் திரும்பினால், உங்கள் செயலி முதல் பக்கத்துக்கே போய்க் கடவுச்சொல்லை மறுபடி கேட்கிறது. அதையும் கொடுத்து முடிப்பதற்குள் பழைய ஓடிபி காலாவதியாகிவிடுகிறது. மறுபடி கேட்டால் இரண்டு குறுஞ்செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன; இரண்டில் எது புதியது என்று அவருக்குத் தெரிவதில்லை. வயதானவர்களின் உலர்ந்த விரல்நுனியைத் தொடுதிரை பல சமயம் உணர்வதே இல்லை. உணரவில்லை என்று அவர் இன்னொரு முறை அழுத்தினால் அதே எண் இரண்டு முறை விழுகிறது. சில தடவை தவறியதும், "உங்கள் பாதுகாப்பைக் கருதி உங்கள் கணக்கு தற்காலிகமாக முடக்கப்பட்டுள்ளது" என்ற அறிவிப்பு வருகிறது. அதை மூடினால், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்வி மட்டும் ஒருபோதும் காலாவதியாவதில்லை.

இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், எங்கள் ஊழியரிடம்கூடச் சொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும் எச்சரிக்கிறீர்கள். கவுன்ட்டரில் உங்கள் ஊழியரே அதை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறார். வீட்டிலோ, சின்ன எழுத்தைப் படிக்க முடியாத என் தாயார் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கைபேசியையும் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். நாளைக்கு ஒரு மோசடிக்காரன் தொலைபேசியில் அழைத்து ஓடிபியைக் கேட்டால், அவன் கேட்பது அவருக்கு ஏன் விசித்திரமாகப் படப்போகிறது? ஓடிபியைப் பிறரிடம் சொல்லும் பழக்கத்தை அவருக்கு ஏற்படுத்தியவர்கள் நீங்கள்தான்.

கைபேசியை வெறுப்பவள் என்று என்னை எண்ணிவிட வேண்டாம். 1973 ஏப்ரல் 3 அன்று மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ள கருவியைக் காதில் வைத்துப் பேசிய நாளிலிருந்து, இந்தக் கண்டுபிடிப்பு மனிதர்களுக்குச் செய்த நன்மைகள் கொஞ்சமல்ல. வடகேரளக் கடற்கரையில் 1997க்கும் 2001க்கும் இடையே கைபேசிச் சேவை பரவியபோது, மீனவர்கள் கடலில் இருந்தபடியே எந்தத் துறையில் நல்ல விலை என்று கேட்டறிந்து படகைத் திருப்பினார்கள். துறைக்குத் துறை இருந்த விலை வேறுபாடு சுருங்கியது, விற்காமல் வீணாகும் மீனும் இல்லாமற்போனது. பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007ல் வெளியிட்ட ஆய்வில் இது விரிவாகப் பதிவாகியுள்ளது. அதே ஆண்டில் கென்யாவில் தொடங்கிய எம்-பெசா, சாதாரணப் பொத்தான் கைபேசியைக் கொண்டே வங்கிக் கணக்கு இல்லாதவர்களும் பணம் அனுப்ப வழிசெய்தது. அங்கும் பணத்தைக் கட்டவும் எடுக்கவும் முகவர் என்று ஒரு மனிதர் இருந்தார். இவ்விரண்டு இடங்களிலும் கைபேசி, இருந்த வழிகளோடு கூடுதலாக ஒரு வழியைத் திறந்தது. நீங்களோ ஒரு வழியைத் திறந்து, மற்ற எல்லா வழிகளையும் அடைத்திருக்கிறீர்கள். கைபேசி வாழ்க்கையை மேம்படுத்தியதா என்ற கேள்விக்கு என் பதில் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

பாதுகாப்புக்காகத்தான் என்பீர்கள். முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பரில் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்தாகப் போனது. ஒருவரின் சேமிப்பு முழுவதற்கும் பூட்டாக இருக்க வேண்டும் என்று யாரும் அதை உருவாக்கவில்லை. பிறருடைய கைபேசி எண்ணை ஏமாற்றித் தம் சிம் கார்டுக்கு மாற்றிக்கொள்பவர்களால் அந்தப் பூட்டைத் திறக்க முடியும் என்பது உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தெரியாததல்ல. அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொலைபேசி வலையமைப்பின் வழியாகச் செய்யப்படும் இத்தகைய சரிபார்ப்பைக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட முறை என வகைப்படுத்தியதோடு, வேறொரு முறையையும் பயனருக்கு அளித்தாக வேண்டும் என்று கூறியது. நான் கேட்பதும் அந்த வேறொரு முறையைத்தான்.

மேலும், தொலைந்துபோன கைபேசியைப் பற்றிப் புகார் செய்ய, அதே கைபேசிக்கு வரும் ஓடிபியைக் கேட்கும் அமைப்பை வடிவமைத்தவர் யார் என்று தெரிந்தால் அவருக்கு ஒரு தனி மடல் எழுத விரும்புகிறேன். முன்பு உங்கள் ஊழியர்கள் செய்த பதிவு, சரிபார்ப்பு, படிவம் நிரப்பல் ஆகிய அத்தனையையும் இப்போது நாங்கள் எங்கள் கருவியில், எங்கள் மின்சாரத்தில், எங்கள் இணையக் கட்டணத்தில் செய்துகொண்டிருக்கிறோம். இதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் வாடிக்கையாளர் வசதி. சம்பளம்தான் இல்லை, குறைந்தபட்சம் ஒரு நாற்காலியாவது போடலாம்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருள வேண்டும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடையாள அட்டையோடு நேரில் வரும் எவருடைய வேலையையும், கையில் கைபேசி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று உங்கள் எல்லாக் கிளைகளுக்கும் எழுத்தில் உத்தரவிடுங்கள். அந்த வேலையை முடித்துத் தரும் அதிகாரத்தையும் கவுன்ட்டரில் இருப்பவருக்குக் கொடுங்கள். கணினி விடவில்லை என்று அவர் கைவிரிக்கும் நிலை இருக்கக் கூடாது. செயலியிலும் செய்ய வேண்டியது உண்டு. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையத்தை அமைப்பதற்கான அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் 2008லேயே, நேரம் முடியப்போகிறது என்றால் பயனரை முன்கூட்டி எச்சரித்து, குறைந்தது 20 விநாடி அவகாசம் தந்து, ஒரே அழுத்தலில் நேரத்தை நீட்டித்துக்கொள்ள இடமளிக்கலாம் என்று வழி காட்டின. ஓடிபியின் ஆயுளைப் பாதுகாப்புக்காகக் கூட்ட முடியாது என்றால் இருக்கட்டும். செய்தியைப் படிக்க வெளியே போனவர் திரும்பி வரும்வரை அந்தப் பக்கத்தை அப்படியே வைத்திருப்பதில் உங்களுக்கு என்ன தடை?

ஆயினும் முதல் கோரிக்கைதான் முதன்மையானது. செயலியை எவ்வளவு செப்பனிட்டாலும் அதைப் பயன்படுத்த இயலாதவர்கள் இருந்துகொண்டுதான் இருப்பார்கள்; அவர்களுக்குக் கைபேசி இல்லாமலும் ஒரு வழி வேண்டும். அந்த உத்தரவு எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதைக் கிளை வாசல்களில் பெரிய எழுத்தில் ஒட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். செயலியில் அறிவித்தால் போதாது.

இப்படிக்கு,
உங்கள் கணக்குதாரர் ஒருவரின் மகள்